அந்தோணியம்மாளின் நாலு கோடு

மெஷினைப் பொய் சொல்ல வைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு என் கடைக்கு வந்த முதல் ஆள் மாசிலாமணி அண்ணன்தான்.

வழக்கமாக வருகிறவர்கள் எல்லாரும் மெஷின் பொய் சொல்கிறது என்றுதான் வருவார்கள். துணியே போடவில்லை, ஓவர்லோடு என்று காட்டுகிறது. தண்ணீர் ரொம்பி வழிகிறது, தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறது. கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே, கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற கடை எங்களுடையது. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாவற்றின் போர்டும் ரிப்பேர் பண்ணுவோம். வீடு வீடாகப் போய் மெஷினைப் பிரித்து போர்டைக் கழற்றிக்கொண்டு வருவது என் வீட்டுக்காரர் மெஹபூப் பாஷா. உட்கார்ந்து சால்டரிங் பண்ணுவது நான், ஷாகிரா. எங்களுக்குள் வீட்டில் உருது, கடையில் தமிழ், சண்டைக்கு இரண்டும். எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்பது மயிலாப்பூரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் இன்னும் கடைக்கு வரவில்லை.

மாசிலாமணி அண்ணன் நொச்சிக்குப்பத்துக்காரர். மீன் பிடிக்க போட்டுக்குப் போகிறவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிறவர் போல வந்து நின்றார்.

"தங்கச்சி, நம்ம மெஷின்ல துணி போட்டா கோடு காட்டுது இல்ல? அத்த எப்பவுமே நாலா காட்ற மாரி வெச்சுக் குடுக்க முடியுமா?"

"இன்னாண்ணா கூத்தா கீது! ஊரே கோடு கொறஞ்சா தண்ணி மிச்சம்னு கெடக்குது. நீங்க ஏத்திக் குடுன்றீங்க?"

அவர் கையில் இருந்த துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.

அந்தக் கோடு என்ன என்று சொல்லிவிடுகிறேன். துணியைப் போட்டு பட்டனை அழுத்தினால், தண்ணீர் எடுப்பதற்கு முன்னால் மெஷின் டப்பை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் சுற்றிப் பார்க்கும். துணி கனமாக இருந்தால் மோட்டார் திணறும், கரண்ட்டை அதிகம் இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்பதை வைத்தே எவ்வளவு துணி என்று போர்டு கணக்குப் போட்டு, இவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கோடுகளை எரியவிடும். ஒரு கோடு என்றால் கொஞ்சம், நாலு கோடு என்றால் டப் முழுக்க. விலை கூடின மெஷின் என்றால் கரண்ட்டைப் பார்க்கத் தனித்தனியாக சென்சார் வைத்திருப்பான். மலிவு மெஷினில் அதெல்லாம் கிடையாது. ஒரே ஒரு ரெசிஸ்டர், ஷண்ட் என்போம், அரிசி அளவு இருக்கும். மோட்டாருக்குப் போகிற கரண்ட் எல்லாம் அதன் வழியாகத்தான் திரும்பி வந்தாக வேண்டும். போர்டுக்கு வெளியுலகத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த அரிசி சொல்கிற சேதிதான்.

மாசிலாமணி அண்ணன் வீட்டு மெஷின் அந்த மலிவு ரகம். வாங்கிப் போட்டவன் அவருடைய ஒரே மகன் பிரபாகர்.

பிரபாகரை எனக்கு நன்றாகத் தெரியும். பைக்கில் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறவன். எங்கள் சந்தில் புகுந்தால் என் கடை முன்னால் ஹாரனை அடித்து, "ஷாகிராக்கா, இன்னிக்கு யார திட்டினே?" என்று கேட்காமல் போக மாட்டான். "இன்னும் யாரும் மாட்டல, நீ எறங்கி வா" என்பேன். ஐப்பசி மழையில் ஒரு நாள், லைட்ஹவுஸ் பக்கத்தில் ஒரு வேன் இடித்துத் தூக்கிப் போட்டுவிட்டது. சாந்தோம் கோயிலில் அவன் அடக்கப் பூசைக்கு நானும் போய்ப் பின்னால் நின்றேன். அவன் அம்மா அந்தோணியம்மாள் அக்கா அன்றைக்கு ஒரு சொட்டு அழவில்லை. அழாதது எனக்குப் பயமாக இருந்தது.

"இப்ப இன்னாண்ணா பண்றாங்க அக்கா?" என்றேன்.

"தோய்க்கிறா" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். காலையில் எழுந்ததும் பிரபாகரின் துணி அத்தனையையும் அலமாரியிலிருந்து எடுத்து மெஷினில் போடுகிறாளாம். எல்லாம் நேற்றுத் தோய்த்து, காயவைத்து, மடித்து வைத்த துணி. அதோடு தன் புடவை, அவர் லுங்கி. நாலு கோடு வரும். வந்ததும், "மூணு பேர் துணிக்கு நாலு கோடு, சரியா கீது" என்று சொல்லிவிட்டுக் கீழே அடிபம்பில் தண்ணீர் அடிக்கப் போவாளாம். மூன்றாவது மாடிக்குக் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றுவாளாம். மார்க்கெட்டுக்கு மீன் விற்கப் போவதை விட்டுவிட்டாள். நாள் முழுக்க அதுதான் வேலை.

"டெய்லி அட்ச்சா துணி இன்னாத்துக்கு ஆவும் தங்கச்சி? அல்லாம் கிழிஞ்சிக்கினு வருது. போன வாரம் அவன் லுங்கி ஒண்ணு நாரா பூட்ச்சு. அத்த போடல. மூணு கோடுதான் வந்துச்சு. மெஷினுக்கு முன்னாலயே குந்திக்கினா. சோறு இல்ல, தூக்கம் இல்ல, கூப்ட்டா பேச்சு இல்ல. அவ புடவ ரெண்ட எட்த்துப் போட்டு நாலா ஆக்கிக் காட்டினப்புறம்தான் எழுந்தா. அல்லாத் துணியும் கிழிஞ்சு பூட்டா அவ இன்னா ஆவா? எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். எனக்குத்தான் துக்கம் வந்தாலும் கோபமாகவே வருமே. "நீங்க டாக்டராண்ட கூட்டிக்கினு போவணும்ணா, என்னாண்ட வந்து இன்னா பிரயோசனம்? இது எட போட்டு சொல்ற சாமானு. இருக்கறத சொல்லும், இல்லாதத சொல்லாது. அந்த ஷண்ட்ல கை வெச்சா மெஷினே கெட்டுப் பூடும். புள்ள பூட்டான்னு அக்காவுக்குப் புரியற மாரி சொல்லுங்க" என்று பொரிந்து தள்ளிவிட்டேன்.

"சொல்லாமலா கீறேன்" என்றார் மாசிலாமணி அண்ணன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மெஹபூப் பாஷா மூலையில் உட்கார்ந்து வயர் சீவிக்கொண்டிருந்தார். "முடியாதுன்னு சொல்றத கொஞ்சம் மெதுவா சொன்னா உன் வாய் தேஞ்சா போவும்?" என்றார்.

"நீங்க மெதுவா சொல்லி அனுப்பிச்ச லட்சணம்தான், வீடு முழுக்க ஊரான் வீட்டு ஓட்ட மெஷினு" என்றேன். அன்று முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நான் அதோடு மறந்துவிட்டேன். இவர் மறக்கவில்லை. எனக்குத் தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரையும் சால்டரிங் அயர்னையும் எடுத்துக்கொண்டு, அக்கா பூசைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நொச்சிக்குப்பத்துக்குப் போயிருக்கிறார். மெஷினில் இருந்த ஷண்ட்டைக் கழற்றிவிட்டு, பழைய ஃப்ரிட்ஜ் போர்டிலிருந்து எடுத்த பெரிய மதிப்பு ரெசிஸ்டரைப் பற்றவைத்திருக்கிறார். அதே கரண்ட் போனாலும் போர்டுக்கு இரண்டு மடங்காகத் தெரியும். ஒரு புடவையும் ஒரு லுங்கியும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாலு கோடு எரிந்திருக்கிறது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். துணி போட்டுத்தான் டெஸ்ட் பண்ண வேண்டும் என்று கடையில் நான் கத்திக் கத்திப் பழக்கிய பழக்கம். காலி டப்பை ஓட்டிப் பார்க்க இவருக்குத் தோன்றவே இல்லை.

தை மாசத்தில் ஒரு காலை. கடைக்கு அந்தோணியம்மாள் அக்கா வந்தாள். எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தலை வாரி, முகம் கழுவி, புடவை சுத்தமாகக் கட்டியிருந்தாள். கையில் ஒரு கவரில் சங்கரா மீன்.

"பாய்க்குப் புடிக்கும்னு எட்த்தாந்தேன். இன்னிக்கு நானே ஏலத்துல எட்த்தது" என்றாள்.

"மார்க்கெட்டுக்குப் போறியாக்கா?"

"போறேன் போறேன். ரெண்டு வாரமா போய்க்கினுதான் கீறேன்." ஸ்டூலில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஷாகிரா, உன்னாண்ட சொல்றதுக்கு இன்னா. அவன் வந்துட்டான்."

என் கையிலிருந்த அயர்ன் அப்படியே நின்றது.

"அன்னிக்கு அவன் துணிய போட மறந்துட்டேன். எங்க துணி மட்டும்தான். நாலு கோடு காட்டுது. எனக்கு ஒரே இதுவா பூட்ச்சு. எங்க துணியையும் வெளில எட்த்துட்டு, காலி டப்ப ஓடவுட்டுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல உள்ள. அப்பவும் நாலு. ஒரு நாள் இல்ல, டெய்லி. காத்தால எழுந்தா மொத வேலயா காலி டப்ப போட்டுப் பாத்துட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போறேன். அவன் உக்காந்துக்கினு கீறான் ஷாகிரா உள்ள. கனம் காட்டுது. நான் பேசறேன் அவனாண்ட."

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். மெஹபூப் பாஷாவின் முகத்தில் ரத்தம் இல்லை. ஒரு வார்த்தை கேட்காமலே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. யா அல்லா, இந்த மனுஷனை என்ன செய்வது என்று பல்லைக் கடித்தேன்.

"இப்ப இன்னாக்கா, எதுக்கு வந்தே?"

"முந்தா நாளு பெட்ஷீட்டெல்லாம் போட்டேன். சுத்திக்கினே இருந்துச்சு, டக்குனு நின்னுப் பூட்ச்சு. செவப்பு லைட்டு. அப்பலேந்து எதுவுமே காட்ட மாட்டேங்குது. நீ வந்து சரி பண்ணும்மா. அவன் உள்ள மாட்டிக்கினான்."

கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினோம். அக்காவை ஆட்டோவில் முன்னால் அனுப்பிவிட்டு, ஸ்கூட்டரில் இவர் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வழி முழுக்கத் திட்டினேன். உருதுவில் இருக்கிற திட்டு தீர்ந்து தமிழில் திட்டினேன். சாந்தோம் சிக்னலில் நின்றபோது இவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்தும் நான் நிறுத்தவில்லை.

ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி. வீட்டுக்குள் இடம் இல்லாததால் மெஷின் வாசலுக்கு வெளியே, நடையில் இருந்தது. உள்ளே மாதா படமும், பக்கத்தில் மாலை போட்ட பிரபாகர் படமும். படத்திலும் ஹாரன் அடிக்கிற அதே சிரிப்பு. மாசிலாமணி அண்ணன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. என் கண்ணை அவர் பார்க்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு போர்டைக் கழற்றினேன். ஷண்ட் இருக்கிற இடத்தில் ஈயம் பொட்டுப் பொட்டாக அப்பிக் கிடந்தது. மெஹபூப் பாஷாவின் கை வேலை. காலி டப்பைச் சுற்ற மோட்டார் இழுக்கிற கொஞ்ச கரண்ட்கூட இதில் பெரிதாகத் தெரிந்துதான் நாலு கோடு எரிந்திருக்கிறது. பெட்ஷீட் கனத்துக்கு மோட்டார் நியாயமாக இழுத்த கரண்ட்டே போர்டுக்கு இரண்டு மடங்காகத் தெரிந்து, ஏதோ விபரீதம் என்று பயந்து பூட்டிக்கொண்டிருக்கிறது. பூட்டை எடுத்துவிட்டால் மறுபடி ஓடும். அப்படியே விட்டால் கனமாகத் துணி போடும்போதெல்லாம் மறுபடி நிற்கும், ஒரு நாள் போர்டே போய்விடும். சரியான ஷண்ட்டைப் போட்டால் காலி டப்புக்கு ஒரு கோடுகூட வராது.

இவர் என் பக்கத்தில் குனிந்து, "நடுவுல ஒரு மதிப்பு போட்டுடேன். ரெண்டு கோடாவது வரட்டும்" என்று கெஞ்சினார்.

யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். பையில் அந்த ரெசிஸ்டரும் இருந்தது. மீன் விற்கப் போகிறாள், தலை வாருகிறாள், சாப்பிடுகிறாள். ஒரு அரிசி அளவு பொய்யில் ஒரு மனுஷி எழுந்து நடமாடினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது.

அந்தோணியம்மாள் அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரபா துணியெல்லாம் எங்கக்கா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. நேரத்தைக் கடத்தத்தான் கேட்டிருப்பேன்.

"குட்த்துட்டேன்."

"குட்த்துட்டியா?"

"அவனே வந்துட்டான், துணி இன்னாத்துக்கு? கிழியாம நாலஞ்சு கெடந்துச்சு. அவன் கூட்டாளிப் பசங்களுக்குக் குட்த்தேன். கிழிஞ்சத அல்லாம் போட்டு எஞ்சின் தொடைக்கக் குட்த்துட்டேன்." சிரித்தாள். "நம்ம ஊட்ல இப்ப அவன் துணி ஒண்ணு கூட இல்ல. எடம் அடச்சிக்கினு இன்னாத்துக்கு?"

மாசிலாமணி அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் துணி கிழிந்து தீர்ந்துவிடுமே என்று பயந்துதானே அந்த மனுஷன் என் கடைக்கு வந்தார்!

"ஷாகிரா" என்றாள் அக்கா. "ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. அது அவன்தானே? இல்ல மெஷின்ல கோளாறா?"

நான் போர்டின் மேல் குனிந்துகொண்டேன்.

"எனக்கும் பொழுதன்னிக்கும் ஒரே ரோசன. அவன்தான்னு நெனைக்கறேன். அப்பால, அவன் எப்டிடி வருவான்னும் நெனைக்கறேன். யார கேட்டாலும், ஆமாம்மா ஆமாம்மான்றாங்க. சாமியார கேட்டாக்கூட தலைய தடவி வுடறாரு. நீ கோவக்காரி. எல்லாரையும் மூஞ்சிக்கு நேராவே திட்டுவே. நீ எனக்குப் பொய் சொல்ல மாட்டே. நீ சொல்றத நான் நம்பறேன்."

இந்த வாயை இத்தனை வருஷம் வைத்துக்கொண்டு ஊரைத் திட்டினதுக்குக் கிடைத்த கூலி இதுவா என்று இருந்தது. இவர் பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். உதறினேன்.

"அவன் இல்லக்கா" என்றேன். "ரெசிஸ்டரு. பிரபா துணி கிழிஞ்சு கோடு எறங்கிச்சின்னா நீ தாங்க மாட்டேன்னு அண்ணன் வந்து கேட்டாரு. நான் முடியாதுன்னுட்டேன். இவரு மாத்திட்டாரு. தப்பான சாமான் போட்டுட்டாரு, காலி டப்புக்கும் கனம் காட்டுது. உனக்காவத்தான்க்கா செஞ்சாங்க. ஆனா அது பிரபா இல்ல."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையை நீட்டினாள்.

"அத்த காட்டு."

ஈயத்தை உருக்கி, அதைப் பிடுங்கி எடுத்து, சூடு ஆறும் வரை ஊதி, அவள் உள்ளங்கையில் வைத்தேன். மீன் அறுத்து அறுத்துத் தழும்பேறிய அந்தக் கையில் அது இருப்பதே தெரியவில்லை. கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இத்தயா?" என்றாள். "இத்தயா நான் புள்ளன்னு நெனச்சுப் பேசிக்கினு இருந்தேன்?"

எழுந்து மாசிலாமணி அண்ணனிடம் போனாள். அவர் நெஞ்சில் ஒரு அடி அடித்தாள். இன்னொரு அடி. அவர் தடுக்கவில்லை.

"குட்த்துட்டேனேய்யா! அல்லாத்தையும் குட்த்துட்டேனே! ஒரு துணி கூட வெச்சிக்கலயே நான்! ஒரு கைக்குட்ட கூட இல்லியே!"

அன்றைக்குப் பூசையில் வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது. அவள் அழ, அவரும் அழ, மெஹபூப் பாஷா படிக்கட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் என்ன செய்தேன்? சரியான ஷண்ட்டை எடுத்துப் பற்றவைத்தேன். கண்ணீர் மறைத்ததில் இரண்டு தரம் தவறி, மூன்றாவது தரம்தான் உட்கார்ந்தது. கையில் இருக்கிற வேலையை முடிக்காவிட்டால் நானும் அங்கேயே விழுந்து அழுதிருப்பேன்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. கீழே வலை பார்த்துக்கொண்டிருந்த வெங்கடேஷ் இரண்டிரண்டு படியாக ஏறி ஓடி வந்தான். பிரபாகரோடு ஒன்றாகத் திரிந்தவன். "இன்னா அத்தே, இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்து நின்றான்.

அவன் போட்டிருந்தது பிரபாகரின் நீலக் கட்டம் போட்ட சட்டை.

அழுகை பாதியில் நின்றது. அக்கா அவனிடம் போய்ச் சட்டையின் காலரைப் பிடித்தாள். முகத்தை அதில் வைத்து மோந்தாள். கடல் வேலை செய்தவனின் வேர்வை, டீசல், மீன்.

"உன் வாடதான் வருது" என்றாள்.

வெங்கடேஷுக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. "வெச்சிக்க அத்தே" என்று அவசரமாக பட்டனைக் கழற்றினான். "நீயே வெச்சிக்க. நான் வேற போட்டுக்கறேன்."

"வேணாம். உனக்குக் குட்த்தது உனக்குத்தான்." கையை நீட்டினாள். "கழட்டித் தா. தோச்சு மட்டும் தரேன்."

கழற்றிக் கொடுத்தான். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, உதறி, பையில் ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, டப்புக்குள் போட்டாள். உள்ளே போய்த் தன் புடவையையும் அண்ணனின் லுங்கியையும் கொண்டுவந்து போட்டாள். மூடியைச் சாத்தினாள். நான் பிளக்கைச் செருகினேன். அவளே பட்டனை அழுத்தினாள்.

டப் இந்தப் பக்கம் சுற்றியது, அந்தப் பக்கம் சுற்றியது. நின்றது. ஒரு கோடு எரிந்தது. இரண்டாவது எரிந்தது.

அவள் காத்திருந்தாள். மூன்றாவதுக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"அவ்ளோதானா, ஷாகிரா?"

"அவ்ளோதான்க்கா."

"அவன் சட்டயோட சேத்தா?"

"சேத்துதான்."

தலையை ஆட்டினாள். குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அண்ணன் பின்னாலேயே போனார். அவர்கள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, மெஷின் எந்தக் குறையும் இல்லாமல் ஓடி முடித்தது. நாங்கள் கிளம்பவில்லை. யாரும் எங்களைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

சட்டையை நடையில் இருந்த கொடியில் போட்டாள். சுருக்கத்தைக் கையாலேயே நீவி நீவி விட்டாள். அது காயும் வரை வெங்கடேஷ் வெற்று உடம்போடு உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றினாள். "சாப்புடுறா, இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் கொடியில் ஆடுகிற சட்டை மேலேயே இருந்தது.

காய்ந்ததும் எடுத்து, கையை உள்ளே மடித்து, காலரை நிமிர்த்தி, அவன் கையில் கொடுத்தாள்.

"போட்டுக்க" என்றாள்.

போட்டுக்கொண்டான்.

"நல்லா அழுக்காக்கி நாளைக்கு எட்த்துக்கினு வா."

"நாளைக்கேவா அத்தே?"

"எட்த்துக்கினு வாடா" என்றாள்.